நாலு மணி நேரம் என்று எழுதிய அண்ணனுக்கு

கின்ஷாசா,
செவ்வாய்க்கிழமை

மத்தாதி துறைமுகத்தில் சகல நலத்தோடும் இருக்கும் அன்பு அண்ணன் மகியேசே அவர்களுக்கு, தம்பி மவுங்கு வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். போன சனிக்கிழமை வரை நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதை குறையாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மகள் லுசோலோவுக்குக் கிட்டார் அனுப்பினீர்களே, மெத்தச் சந்தோஷம். கூடவே, "தினம் நாலு மணி நேரம் வாசித்தால்தான் கை பழகும்" என்று ஒரு சீட்டு வைத்தீர்களே, அதுதான் வினை. பெரியப்பா சொல்லை மீறலாமா? நானே கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளோ பாட்டை விட்டுவிட்டு, கடைசியில் வேகமெடுக்கும் ஆட்டப் பகுதியான செபேனை மட்டும் பிடித்துக்கொண்டாள். செபேன் காதில் விழுந்தால் நம்ம ஆள் எவன் சும்மா உட்காருவான்? ஒரே குழாயைச் சுற்றி ஆறு குடும்பம் இருக்கிற முற்றம். ஆறும் எழுந்து ஆடியது. கபிங்கா அம்மா கிண்டிய ஃபூஃபூ களி அடிப்பிடித்தது, தையல்கார எம்புயி ஒரு கால்சட்டையின் வாயை மூடியே தைத்துவிட்டார். ஆடினால்கூடப் பரவாயில்லை அண்ணா, இவள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தடுக்கி நிறுத்துவாள், எல்லாரும் தூக்கிய காலோடு நிற்கணும். அப்படி நின்றதில்தான் வீட்டுக்காரர் இலுங்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"இந்தா மவுங்கு, மாசக் கடைசிக்குள்ள அந்தக் கிட்டார் போகணும், இல்ல நீ போகணும்!"

"அது எங்க அண்ணன் குடுத்ததுங்க, அதை எப்படிங்க அனுப்புறது?"

"அப்ப நீ கெளம்பு!"

பதினோரு வருஷமா இருக்கிற அறை, பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவேன்? பயத்தில் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கும் விரல் நுனியெல்லாம் கொப்புளம், வாசிப்போ முன்னைவிட மோசம். கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு, தேவாலயக் குழுவில் கிட்டார் வாசிக்கும் மிரேயிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"நாலு மணி நேரமா? கிட்டார் வாசிக்கிறீங்களா, மாவு இடிக்கிறீங்களா? தப்பையே வாசிச்சிட்டிருந்தா தப்புதாங்க பழகும்! தடுக்குற எடத்தை மட்டும் மெதுவா, இருபது நிமிஷம் வாசி கண்ணு. ஒரு நாளும் விடாதே. வலிச்சா நிறுத்திடு."

மூன்று வாரம் அப்படியே செய்தாள். போன ஞாயிறு தேவாலயத்தில் வாசித்தாள். அந்த இடம் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இலுங்கா தடியை ஊன்றிக்கொண்டே காலைத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான், நம்ம கதை முடிந்தது என்று நினைத்தேன். லுசோலோ தடுக்கவே இல்லை!

"எறக்கிட்டேன்யா, காலை எறக்கிட்டேன்!" என்று கத்திக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார் மனுஷன். "நீ எங்கயும் போக வேணாம் மவுங்கு!"

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது அண்ணா. இனி இருபது நிமிஷம்தான், முற்றமே நிம்மதி. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் முழங்கால் வலிக்கு என் பிரார்த்தனை.

அன்புத் தம்பி,
மவுங்கு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது இலுங்கா ஒரு பட்டியலோடு வந்தார். இருபது நிமிஷம் போதும் என்று தெரிந்ததும் முற்றத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் படிக்கணுமாம். லுசோலோவோடு பன்னிரண்டு பேர். ஒரே கிட்டார், ஆளுக்கு இருபது நிமிஷம், முதல் ஆள் அவருடைய பேத்தி. கூட்டிப் பார்த்தேன், சரியாக நாலு மணி நேரம். பன்னிரண்டு பேரும் செபேன்தான் வேணுமாம். மத்தாதியில் உங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்குமா அண்ணா?