முப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிய சைக்கிள்

எங்கள் குப்பத்தில் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே மீனவன் மகன் நான்தான். கடலில் போய் எடுத்திருந்தாலாவது ஒரு மரியாதை. நான் எடுத்தது பழவேற்காடு ஏரியில், இடுப்பளவு தண்ணீரில். (கரையில் கட்டிப் போட்டிருந்த படகிலும் ஒருமுறை எடுத்திருக்கிறேன். அதை விடுங்கள்.) நைனா, அதாவது என் அப்பா, தலையில் அடித்துக்கொண்டு என்னை ஐடிஐ-யில் சேர்த்துவிட்டார். நானும் மோட்டார் காயில் சுற்றப் படித்துவிட்டு, சர்ட்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் குப்பத்தில் மோட்டார் என்று சொல்ல எதுவுமே கிடையாது. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த ஒரே பல்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். அந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணமும் ஆனது. கன்னியம்மா ஆரம்பாக்கத்துப் பெண். கல்யாணம் ஆன புதிதில் என்னை "இன்னாங்க" என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதை மூன்று மாதம் நீடித்தது. அது போன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு வேகத்தில் ஒரு பைத்தியம் இருந்தது. மீஞ்சூர் காயலான் கடையில் பழைய கார் டைனமோ ஒன்று கிடைத்தது. டைனமோவுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் அதுவே மோட்டாராகச் சுற்றும். அதைச் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேலே பொருத்தி, நடுவில் பல்சக்கரம் வைத்து, தனியாக ஒரு செயின் போட்டு, முன்னால் ஒரு பெட்டியில் பேட்டரியை உட்கார வைத்தேன். பெடலே மிதிக்க வேண்டாத சைக்கிள். (இன்று தெருவுக்குப் பத்து ஓடுகிறது. அன்று நான்தான் உலகத்திலேயே முதல் ஆள் என்று நினைத்தேன்.)

அந்த டைனமோவுக்குள் சுற்றுகிற பாகம், ஆர்மேச்சர், என்னிடம் இரண்டு இருந்தது. ஒன்று கூடவே வந்தது, மெல்லிய கம்பியில் நிறைய சுற்று. இன்னொன்றை நானே சுற்றினேன். கம்பி இரண்டு மடங்கு தடிமன், சுற்று பாதி. சுற்று பாதியானால் வேகம் இரட்டிக்கும் என்பது பாடம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, பழைய ஆர்மேச்சரை ஓடவிட்டேன். கன்னியம்மா துணியை எண்ணினாள். அரை நிமிடத்தில் அறுபது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழேகால் அடி. பெருக்கிப் பார்த்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர்.

பிறகு என்னுடையதை மாட்டினேன். சக்கரம் விர்ரென்று பறந்தது.

"இன்னாங்க, துணியே கண்ணுக்குத் தெரியல. எப்டி எண்றது?"

"எண்ணவே வாணாம். பாதி சுத்து, டபுள் ஸ்பீடு. முப்பத்திரண்டு. பொன்னேரி பஸ்ஸு நமக்குப் பின்னாடிதான் வரும்."

கன்னியம்மா என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பத்து மோட்டார் சுற்றியிருப்பேன்.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்திருந்தேன். சுற்றிய கம்பிகள் ஓடும்போது வெளியே பிய்த்துக்கொண்டு வராமல் இருக்க, அவற்றைப் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி வார்னிஷ் பூச வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், வாத்தியார் வலையைக் கண்டாரா, ஏரியைக் கண்டாரா? நைலான் வந்த பிறகு பருத்தி வலையை எங்கள் குப்பத்தில் யார் தொடுகிறார்கள்? பருத்தி மக்கும், நைலான் மக்காது. நைனாவின் வலைப் பையிலிருந்து நல்ல நைலான் நூலாக எடுத்து, வலை முடிச்சாகவே போட்டுக் கட்டினேன். அந்த முடிச்சைப் பார்த்து நைனாவே, "இது ஒண்ணாவது உருப்படியா வருதே உனக்கு" என்றார். தண்ணீரில் மக்காதது சூட்டில் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் இன்றைக்கு இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கும். நம் முறை வர நாளாகும்; அது வரும் நாள்தான் பாட்டு நாள். அதனால் பாட்டு நாள் இறாலை எல்லோரும் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள். விடிந்ததும் கரைக்கு வரும் இறாலை மார்க்கெட் பக்கம் நிற்கும் ஐஸ் லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எட்டு மணிக்கு லாரி போய்விடும். அதன்பிறகு வெயிலில் இறாலும் போய்விடும்.

வழக்கமாக அம்மா கொண்டுபோவார். அந்த முறை முழங்கால் வலி என்று முதல்தடவையாகக் கன்னியம்மாவிடம் கொடுத்தார்.

"பாட்டு நாள் எறா. வந்த மருமவ மொத தடவ எட்த்துகினு போறா, ஊரே பாக்கும். கெட்டுப் போச்சுன்னா உன் ராசின்னுதான் சொல்லுவாளுங்க. நானும் வாயை மூட முடியாது. பாத்துப் போ."

அவள் அன்னக்கூடையைத் தலைக்குத் தூக்கப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு மணி நேரம் நடந்தால் ஏழே காலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் முப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிச் சும்மா இருப்பான்?

"எதுக்கு நடந்துகினு? டீ குட்ச்சிட்டு மெதுவா கெளம்பலாம். பத்து நிமிஷம் வேல."

நைனா வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "இதுவும் ஓடலன்னு வையி, நாளைலேர்ந்து நீ படகுல ஏறு. வாந்தி எடு, இன்னா வேணா எடு. நான் கேக்க மாட்டேன்."

ஏழரைக்குக் கிளம்பினோம். கன்னியம்மா பின்னால் கேரியரில், மடியில் கூடை நிறைய இறால். ஸ்விட்சைப் போட்டேன். தலைகீழாக இருந்தபோது பறந்த சக்கரம் இப்போது "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே நின்றது. சுற்று பாதியானால் இழுக்கிற பலமும் பாதியாகும் என்பது அதே பாடத்தின் மறுபாதி. பெடலை மிதித்துத் தள்ளிவிட்டேன். நகர்ந்தது. நான் மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றது. பேட்டரி, டைனமோ, பொண்டாட்டி, இறால் எல்லாவற்றையும் நானே மிதித்து இழுத்துக்கொண்டு போனேன். எங்களைத் தாண்டி ஒரு மாட்டுவண்டி போனது.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னாங்க, இன்னாமோ கருகுற நாத்தம் வருதுங்க."

"புது மோட்டார்னா அப்டித்தான் இருக்கும்."

"புதுசா? காயலான் கடைலதான வாங்கினீங்க?"

பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்படவில்லை. ஏரிக்கரை இறக்கம் வந்தது, சைக்கிள் முதல்முறையாக நிஜமாகவே வேகம் எடுத்தது. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அதற்குள் சூட்டில் நைலான் நூல் இளகி, முடிச்சோடு உருகி, என் தடித்த கம்பிகள் எல்லாம் உள்ளே பிய்த்துக்கொண்டு கிளம்பி, டைனமோ இறுகிப் பிடித்துவிட்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

நான் கரையில் விழுந்தேன், கன்னியம்மா சேற்றில் விழுந்தாள், கூடை இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. இறால் எல்லாம் உயிரோடு இருந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி, அதுவே கெட்ட செய்தியும்கூட. எங்கள் பாட்டு நாள் இறால் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளி ஏரியைப் பார்த்துக் கிளம்பியது.

நான் டைனமோவைத் தொட்டுப் பார்த்து, கை சுட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"யோவ்," என்றாள் கன்னியம்மா. "அத்த இன்னாத்துக்குய்யா தடவிக்கினு கீற? எறாவப் புடி."

(அன்று வந்த "யோவ்" இன்றுவரை போகவில்லை.)

இரண்டு பேரும் முழங்கால் போட்டு அள்ளினோம். அவள் இரண்டு கையாலும் அள்ளுகிற நேரத்தில் நான் ஒன்றைப் பிடித்து இரண்டை விட்டேன். கூடை முக்கால்வாசி நிறைந்ததும் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தோம். டைனமோ பிடித்துக்கொண்டிருந்ததால் சக்கரம் அசையவில்லை. செயினைக் கழற்ற என்னிடம் ஒரு ஸ்பேனர் கூட இல்லை. முப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு ஸ்பேனர் எதற்கு? அவள் இடுப்பில் செருகியிருந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்துச் செயினுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். செயின் கழன்று விழுந்தது.

கூடையைக் கேரியரில் வைத்து அவள் ஒரு கையால் பிடித்துக்கொள்ள, நான் தள்ள, இரண்டு பேரும் ஓடினோம். புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்கச் சேறாக, அவள் அழுதுகொண்டே ஓடியதை நான் பார்த்தேன். வலியில் அழவில்லை. "அத்தை மூஞ்சில எப்டி முழிப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, கவிழ்ந்தது என் மோட்டார் இல்லை, அவள் பேர் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. படகில் வாந்தி எடுத்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

லாரியின் பின்கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா கதவுக்கும் லாரிக்கும் நடுவில் கையை நீட்டிவிட்டாள். ஐஸ் போடுகிற ஆள் கூடைக்குள் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எறாவா மண்ணா?"

"கழுவினா மண்ணு போய்டும்ணா. உசுரோட துள்ளுது பாரு. உனுக்கு இன்னிக்கு வேற யாரு உசுரோட குட்த்தாங்க?"

அவர் சிரித்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அலசி, வாங்கிக்கொண்டார். லாரி கிளம்பியது.

வீட்டு வாசலில் நைனா காத்திருந்தார். நான் சைக்கிளை வேலிக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, படகில் ஏறத் தயாராக வந்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை, மருமகளைக் கேட்டார்.

"இன்னாம்மா, போய் சேந்துச்சா?"

"சைக்கிள்லதான் போச்சு மாமா. லாரி கெளம்பறதுக்குள்ளயே போய்ட்டோம்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சேற்றுப் புடவையோடு நின்று, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். திரும்பியிருந்தால் நான் அங்கேயே உடைந்து உண்மையைக் கொட்டியிருப்பேன்.

அன்று சாயங்காலத்துக்குள் நைனா அதைக் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார். பையன் சுத்தின மோட்டார், பாட்டு நாள் எறாவையே கொண்டு சேத்துச்சு. ஒரு வாரத்தில் மார்க்கெட் பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின் வைத்திருந்தவர் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய சுற்றை ஒன்றுவிடாமல் எண்ணி, அதே கம்பி, அதே எண்ணிக்கை, பருத்தி நூல், வார்னிஷ் என்று வாத்தியார் சொன்னபடியே சுற்றிக் கொடுத்தேன். ஓடியது. அதற்குப் பிறகு நான் படகில் ஏறவே இல்லை. எங்கள் பிள்ளைகள் படித்ததும், வீடு கட்டியதும் அப்படி ஆரம்பித்த மோட்டார் வைண்டிங் கடை வருமானத்தில்தான். ஆனால் அந்தக் கடையைத் திறந்து வைத்தது அவளுடைய அந்த ஒரு பதில். இதை அவளிடம் நான் நேராகச் சொன்னதே இல்லை, சொன்னால் இன்னும் பெரிய வேலையாக ஏவுவாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க எங்களை ஷோரூமுக்குக் கூட்டிப்போனான். விற்பனை செய்கிற பையன் இரண்டு வண்டியைக் காட்டி, இந்த மோட்டார் இத்தனை வேகம், அந்த மோட்டார் அத்தனை வேகம் என்று அடுக்கிக்கொண்டே போனான். கன்னியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆளு ஏறினப்புறமா தம்பி, ஏறாமயா?"

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பேத்தி என்னைப் பார்த்தே சிரித்தாள். எங்கள் வீட்டில் யார் எதைப் பற்றிப் பெருமை பேசினாலும், மாப்பிள்ளையானாலும் மிக்ஸியானாலும், இந்தக் கேள்விதான் முதலில் வரும். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "வேணும்னா ஓட்டிப் பாருங்கம்மா" என்று சாவியை நீட்டினான்.

கன்னியம்மா சாவியை வாங்கிக்கொண்டு, "யோவ், ஏறு" என்றாள். நான் இறால் கூடை மாதிரி பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.