புகை அண்ணாச்சியும் ஒற்றை வால்வு சீலும்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே ரகம்: ரேஸ் இன்ஜினில் வால்வு சீல் போடுகிறவர்கள், போடாதவர்கள். தொண்ணூறுகளில் பேட்டையில் பட்டறை வைத்திருந்த புகை அண்ணாச்சி இதை மனதார நம்பினார். முதல் ரகத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார். ஆனால் பந்தியில் உட்கார மாட்டார்.

வால்வு சீல் என்பது சுண்டுவிரல் நுனியில் மாட்டுகிற அளவுக்கு ஒரு ரப்பர் தொப்பி. வால்வின் தண்டு வழியாக எண்ணெய் உள்ளே இறங்கி எரிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. சாதாரண வண்டிக்கு அது வேண்டும் என்று அண்ணாச்சியே ஒப்புக்கொள்வார். ரேஸ் வண்டி என்றால் மட்டும் அவருக்குச் சாமி வந்துவிடும்.

"ஏலே, அந்த வேகத்துல வால்வு என்னா ஓட்டம் ஓடுது! அதுக்குப் போயி எண்ணெய நிறுத்துதானுவ. நீ ஓடி வரும்போது ஒருத்தன் தண்ணி தரமாட்டேன்னு நின்னா ஒனக்கு எப்படிலே இருக்கும்?"

எண்ணெய் தாராளமாக இறங்கியது. புகையும் தாராளமாக வந்தது. பட்டறையில் ரேஸ் வண்டியைக் கிளப்பினால் தெருவில் கொசு இருக்காது. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட கூழ்வற்றல் சாயங்காலம் கறுப்பு வற்றலாக உள்ளே போகும். ஒருமுறை தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வந்தவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, வால்வு சீலின் தீமைகளை விளக்கித்தான் அனுப்பிவைத்தார்.

கோடையில் ராதாபுரம் பக்கம் வற்றிக் கிடக்கும் ஒரு குளத்துக்குள் பைக் பந்தயம் நடக்கும். அண்ணாச்சியின் வண்டியை ஓட்டும் பாக்கியம் எனக்கு. அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவன் நான், மறுக்க வாய் ஏது? வருஷா வருஷம் பாதி ஓட்டத்தில் பிளக்கில் கரி பிடித்து வண்டி நின்றுவிடும். கரி பூசிய முகத்தோடு நான் தள்ளிக்கொண்டு வர, குளத்தங்கரையில் ஜனம் கைதட்டும். ஜெயித்தவனுக்குக்கூட அப்படிக் கைதட்டியதில்லை.

ஒரு வருஷம் மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவையும் தோத்தா வண்டிய வித்துப்புடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அண்ணாச்சி. அன்றைக்குச் சாப்பாட்டில் ரசத்தோடு எழுந்துவிட்டார். வண்டி போனால் மனுஷன் பாதி ஆளாகிவிடுவாரே என்று எனக்குக் கவலை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அண்ணாச்சி இன்ஜின் செய்வது வாயால்தான். கையால் பூட்டுவது மதினி. சின்னச் சாமான்கள் அண்ணாச்சி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணாடி போடவும் மாட்டார். பந்தயத்துக்கு முந்தின நாள் வால்வைப் பூட்டிக்கொண்டே மதினி என்னிடம் கேட்டார்.

"தம்பி, ஆக்சிலேட்டர முறுக்கும்போது புகையுதா, கைய விடும்போதா?"

"திருப்பத்துல கைய விட்டாத்தான் மதினி, குபுகுபுன்னு வருது."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வண்டி புகையவே இல்லை. பின்னால் வருகிறவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி குளத்துக்குள் ஓடிவந்த வேகத்துக்கு இரண்டாம் பரிசை அவருக்கே கொடுத்திருக்கலாம்.

அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோற்றவர்களை எல்லாம் பட்டறைக்கு வரவழைத்தார். "சீல் இல்லாத இன்ஜின் எப்படி செயிக்கும்னு கேட்டீரே, இப்பம் பாரும்வே!" என்று எல்லார் முன்னாலும் இன்ஜின் தலையைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் எடுத்தார்.

"அண்ணாச்சி, இது என்னது?" என்றார் ஒருவர்.

அண்ணாச்சி விரலால் தடவிப் பார்த்தார். பெட்ரோல் உள்ளே வருகிற பக்கத்து வால்வில் புத்தம்புது ரப்பர் சீல்.

மதினி காப்பித் தட்டோடு வந்தார். "கைய விட்டா எண்ணெய உள்ள உறிஞ்சுதுல்லா, அந்தப் பக்கம் மட்டும் போட்டேன். புகை வெளிய போற பக்கம் சூடு சாஸ்தி, அதுக்கு எண்ணெய் வேணும். அங்கன நீங்க சொன்னபடிதான் விட்டுருக்கேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஏட்டி, நீ சும்மா இருந்திருந்தா நான் தோத்திருப்பேன். வண்டியும் தொலஞ்சிருக்கும்லா?"

"தொலஞ்சிருக்கும். பொறவு நீங்க சோறு எறங்காம மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அத யாரு பாக்க?"

அதற்குப் பிறகு வால்வு சீல் பற்றி யார் என்ன கேட்டாலும், "உள்ள போயி அவகிட்ட கேளும்வே" என்பார். பந்தயம் ஜெயித்த அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்த்ததில்லை.