மீன்குளத்துக்கு ஒரு வாஷிங் மெஷின்

நான் செய்த மெஷின் வேலை செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யார் இந்தக் கதையை ஆரம்பித்தாலும் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

2009 கோடை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் குளம் இருந்தது. (குளம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பேர் இறங்கினால் மீனுக்கு இடமிருக்காது.) அதில் என் மனைவி ஜெயந்தி கோய் என்ற பதினோரு ஜப்பான் அலங்கார மீன்களை வளர்த்தாள். விரல் நீளத்தில் வாங்கிவந்தவை இரண்டு வருஷத்தில் முழங்கை நீளத்துக்கு வந்திருந்தன. அவள் விலங்கியல் படித்தவள். தன்னுடைய கல்லூரி வாத்தியார்களின் பெயர்களையே மீன்களுக்கு வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் பெரிய ஆரஞ்சு மீனுக்கு மட்டும் 'ஹெச்.ஓ.டி.' என்று பெயர். யார் கூப்பிட்டாலும் அது அசையாது.

பி.எட். வகுப்புக்காக அவள் பத்து நாள் சிதம்பரத்தில் தங்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது சொன்னாள்: "வெயில்ல தண்ணியில காத்து கொறஞ்சிடுது. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. காலையில இருவது, சாயங்காலம் இருவது பக்கெட்டு குளத்துலேர்ந்தே மொண்டு, ஒசரத்துலேர்ந்து ஊத்துங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவு ஆபரேட்டர். தண்ணீருக்குக் காற்று ஏற்றுவதற்கும் வடிகட்டுவதற்கும்தான் எனக்குச் சம்பளமே. என்னிடம் வந்து பக்கெட் கணக்கு சொல்லிவிட்டுப் போகிறாள்.

இரண்டு நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. (விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.) கொல்லையில் ஏழு வருஷம் உழைத்து ஓய்ந்த வாஷிங் மெஷின் கிடந்தது. துணி பிழியும் ஓட்டை டிரம்மைக் கழற்றி, அடியில் ஜல்லி, நடுவில் அடுப்புக்கரி, மேலே கொசுவலை என்று நிரப்பினேன். குளத்தின் குறுக்கே இரண்டு பலகை போட்டு அதன்மேல் டிரம்மை உட்கார வைத்தேன். அதற்கு மேலே ஏணியில் ஒரு பாத்ரூம் ஷவரைக் கட்டினேன். மோட்டார் குளத்துத் தண்ணீரை ஷவருக்கு ஏற்றும். தண்ணீர் தூறலாக டிரம்மில் விழுந்து, வடிகட்டி, ஓட்டைகள் வழியாகக் குளத்துக்கே திரும்பும். இன்றைக்கு நினைத்தாலும் அது நல்ல டிசைன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மாமனாரை வரவழைத்து ஸ்விட்சைப் போட்டேன். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"மீனு குளிக்கிறதுக்கா மாப்ள ஷவரு?"

"காத்து ஏறுது மாமா."

மீன்கள் எல்லாம் தூறலுக்கடியில் வந்து கூடின. ஹெச்.ஓ.டி.யே அசைந்து வந்தது. எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. கால் மணி நேரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. கம்பெனித் தொட்டியில் காற்று ஏறும்போது நுரை வருவதைத் தினமும் பார்ப்பவன் நான். நுரை என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"பாருங்க மாமா, எல்லாம் ஆக்சிஜன்."

"ஜாஸ்தியா இருக்குதே மாப்ள," என்றார் அவர். பொறாமை என்று நினைத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

நாலாவது இட்லியில் இருக்கும்போது தெருவில் சத்தம் கேட்டது. வெளியே வந்தால், சிப்காட்டில் வாயு கசியும் நாளில் செய்வதுபோல், பாதித் தெரு மூக்கில் ஈரத்துணியோடு நிற்கிறது. காவாயில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை போய்க்கொண்டிருக்கிறது.

"சிப்காட்டு தண்ணி நம்ம தெருவுக்கு வந்துடுச்சு. நீ அங்கதான தம்பி வேல பாக்குற? வந்து பாரு," என்றார் எதிர்வீட்டு செல்வி அக்கா.

நான் கைகழுவிவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நிபுணருக்குரிய நிதானத்தோடு குனிந்து ஒரு விரலில் நுரையை எடுத்து முகர்ந்தேன். எலுமிச்சை. எங்கள் வீட்டுச் சோப்புத்தூள். டிரம்மின் அடிவளையத்துக்குள் ஏழு வருஷத்துச் சோப்பு பாறையாகப் படிந்திருந்ததை நான் கழுவவே இல்லை. அது கரைந்து, நுரை குளத்தை வழிந்து, கொல்லைச் சாக்கடை வழியாகத் தெருக் காவாய்க்கு வந்திருக்கிறது.

ஒரு நிமிஷம் புத்தி கெட்டுத்தான் போனது. நெற்றியைச் சுருக்கி, "ஆபீஸ்ல சொல்லணும்" என்றால் தெருவே நம்பிவிடும். என் மானம் தப்பிவிடும். ஆனால் உள்ளே பதினோரு மீன் சோப்புத் தண்ணீரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"கம்பெனி தண்ணி இல்லக்கா. எங்க வீட்டு வாஷிங் மெஷினு. உள்ள ஜெயந்தியோட மீனு சாவுது. எல்லாரும் பக்கெட்டு எடுத்துட்டு வாங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. (பிற்பாடு தவணை முறையில் சிரித்தார்கள்.) மோட்டாரை நிறுத்திவிட்டு, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினார். ஒவ்வொரு மீனாகப் பிடித்துக் கொடுக்கக் கொடுக்க, பக்கெட், டப், பீப்பாய் என்று கிடைத்ததில் எல்லாம் போர்வெல் தண்ணீர் பிடித்து விட்டோம். ஹெச்.ஓ.டி.க்கு செல்வி அக்காவின் பிரியாணி அண்டா. அது ஒருக்களித்து மிதந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பால் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே "சார், சார்" என்று கெஞ்சினேன். அழுகை வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அது மெல்ல நிமிர்ந்து, என்னைப் பார்த்து வாலைத் திருப்பிக்கொண்டது.

மாமா போன் செய்ய, ஜெயந்தி மத்தியானம் சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெரு நெடுக அண்டாவும் பக்கெட்டுமாக வைத்து ஆளாளுக்கு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். எண்ணினாள். பதினொன்றும் இருந்தது.

"டிரம்ம கழுவுனீங்களா?"

"கழுவுனேன். வெளிப்பக்கம்."

அவள் வகுப்புக்கு லீவு சொன்னாள். டிரம்மை மூன்று நாள் ஊறப்போட்டுத் தேய்த்து, குளத்தையும் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பி, மெஷினை அவளே திரும்ப மாட்டினாள். அது வருஷக்கணக்கில் ஓடியது. ஹெச்.ஓ.டி. அந்த ஷவரை விட்டு நகரவே இல்லை.

அந்தப் பெருமையை யாராவது எனக்குக் கொடுக்கிறார்களா என்றால், இல்லை. இன்றைக்கும் வீட்டில் ஃபேனோ குழாயோ ரிப்பேர் என்று நான் ஸ்பானரை எடுத்தால் போதும், ஜெயந்தி வாசலுக்குப் போய்க் குரல் கொடுக்கிறாள்:

"அக்கா, அவரு ஸ்பானர எடுத்துட்டாரு."

எதிர்வீட்டிலிருந்து நிதானமாகப் பதில் வரும்:

"அண்டா காலியாத்தான் இருக்குது கண்ணு."