இரண்டு பேர் பேசினால் கூட்டம்

“வேற கட்டில் இல்லவே இல்லையா?” என்று மார்வா கேட்டாள்.

“இருக்கே. க்ளெட்டஸுக்குப் பக்கத்துல” என்றாள் நர்ஸ் கிட்டி.

அதுதான் வினை. அவசரப் பிரிவில் இருப்பதே இரண்டு கட்டில். ஒன்றில் கோதுமை விவசாயி க்ளெட்டஸ் சிறுநீரகக் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மற்றொன்றில் ஏற வேண்டியவள் எர்லீன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள், பேருந்துப் படியிலேயே கால் பிசகி, சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்திருந்தாள்.

இருவரும் ஆல்டர் ஃப்ளாட் ஆஸ்பத்திரி வாரியத்தின் உறுப்பினர்கள். ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம், மொத்தம் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்து ஆஸ்பத்திரி விஷயம் பேசினால் சட்டப்படி அது கூட்டம். ஊருக்கு முன்கூட்டி அறிவிக்காமல் நடந்த கூட்டம் சட்டவிரோதம். வாரியச் செயலாளர் மார்வாவுக்குச் சம்பளம் கொடுப்பதே இந்த மூவரையும் பிரித்து வைக்கத்தான் என்று சொல்லலாம். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒருவருக்கும் வாய் சும்மா இருக்காது.

போன வருஷம் மளிகைக் கடையில் உருளைக்கிழங்குக் குவியலுக்கு முன்னால் நின்று க்ளெட்டஸும் எர்லீனும் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசித் தொலைத்தார்கள். வாரியக் கூட்டம் ஒன்று விடாமல் வந்து குறை சொல்லும் ஆரின் ட்வெட் அதைப் பார்த்துவிட்டார். ஊர்ப் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்கும்வரை மனிதர் விடவில்லை.

அந்த ஆரின் இப்போது வாசலருகே, இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இவர் எதுக்கு வந்திருக்கார்?”

“நானும் கேட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கேன்னுட்டார்.”

“பைக்குள்ள என்ன வச்சிருக்கார்?”

“கை” என்றாள் கிட்டி.

ஒலிப்பதிவுக் கருவி என்பதில் மார்வாவுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரியை நடத்த ஊரார் கட்டும் வரி வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. வரி தோற்றால் அவசரப் பிரிவை மூடிவிடுவார்கள். அடுத்த ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், பனி கொட்டினால் பாதையே கிடையாது. போன குளிர்காலத்தில் மாரடைப்பு வந்த மார்வாவின் கணவன் பிழைத்ததே இந்த இரண்டு கட்டிலில் ஒன்றில்தான். ஆரினோ ஊரெல்லாம் ‘வேண்டாம்’ என்று சிவப்பு எழுத்துப் பலகை நட்டுக்கொண்டிருப்பவர். இன்னொரு சட்டவிரோதக் கூட்டம் சிக்கினால் அவருக்குப் பலகையே தேவைப்படாது.

மார்வா திரையை இழுத்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள்.

“இதோ பாருங்க, ரெண்டு பேரும் பேசக் கூடாது. பேசியே ஆகணும்னா வானிலையைப் பத்திப் பேசுங்க.”

“மழை வரும்போல இருக்கு, க்ளெட்டஸ்” என்றாள் எர்லீன் திரைக்கு இந்தப் பக்கம்.

“வந்தா இந்தக் கூரை தாங்காது” என்று அந்தப் பக்கத்திலிருந்து முனகல் வந்தது.

“கூரை ஆஸ்பத்திரி விஷயம்” என்றாள் மார்வா.

“சரி, கூரைய விடு. என்னம்மா மெத்தை இது, பாறை மாதிரி?”

“மெத்தையும் ஆஸ்பத்திரி விஷயம்.”

“வலி உசுரு போகுது. அதையாவது சொல்லலாமா?”

மார்வா யோசித்தாள். ஆஸ்பத்திரிக்குள் வலியும் ஆஸ்பத்திரி விஷயம்தானே என்று தோன்றியதும் அவளுக்கு வேர்த்துவிட்டது. திரைக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஆரின் இரண்டு நாற்காலி தாண்டி, திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இனி இங்கே வைத்திருந்தால் சரிப்படாது என்று, எர்லீனைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

“எங்கடி கூட்டிட்டுப் போற? காலுக்கு இன்னும் ஐஸ்கூட வைக்கல.”

“கேன்டீன்ல நிறைய ஐஸ் இருக்கு.”

வழியில் ஆரின் எழுந்து நின்றார். “மார்வா, ஒரு நிமிஷம்...”

“எதுவா இருந்தாலும் கூட்டத்துல சொல்லுங்க, ஆரின். பொதுமக்கள் கருத்துன்னு கேட்பேன்ல, அப்போ.”

“இல்ல, இது கொஞ்சம் அவசரம்...”

“கூட்டத்துல” என்றாள் மார்வா, திரும்பிப் பார்க்காமலே. அவர் வாயைத் திறக்க விட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். அன்று புதன்கிழமை. புதன்கிழமையென்றால் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஹக்கிள்பெர்ரி என்ற ஊதாப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம் போடுவார்கள், பாதி ஊர் அங்கேதான் சாப்பிடும். ஜன்னலோர மேஜையில், தாடையெல்லாம் ஊதா நிறமாக, வாரியத்தின் மூன்றாவது உறுப்பினர் பர்ல் உட்கார்ந்திருந்தார். ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

“எர்லீன், கால்ல என்ன ஆச்சு? வா வா, உட்காரு. அந்தப் புது எக்ஸ்ரே மெஷின் விஷயமா நானே உன்கிட்ட...”

மார்வா தட்டிலிருந்த பலகாரத் துண்டை அப்படியே எடுத்து பர்லின் வாயில் திணித்தாள். அவர் மென்று விழுங்குவதற்குள் நாற்காலியைத் திருப்பிவிட்டாள். கேன்டீன் கதவருகே ஆரின் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கை மட்டும் பைக்குள்ளேயே இருந்தது.

“மார்வா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“கூட்டத்துல, ஆரின்.”

எர்லீனைத் திரும்ப அவசரப் பிரிவுக்கே கொண்டுவந்தாள். அங்கே பர்ல் க்ளெட்டஸின் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். சமையலறைக் குறுக்கு வழியாக வந்திருக்கிறார்.

“இவனுக்கு உடம்பு சரியில்லன்னு கேன்டீன்ல சொன்னாங்க. பார்க்காம எப்படிப் போறது? ஏம்மா மார்வா, இங்க ஏன் வலி மருந்து இவ்வளவு மெதுவா வருது?”

“நானும் அதைத்தான் கேட்கணும்னு இருந்தேன்” என்றாள் எர்லீன்.

“எனக்கும் ஒரு கருத்து இருக்கு” என்றார் க்ளெட்டஸ்.

வாரியத்தின் மூன்று பேரும் ஒரே இடத்தில். மார்வா திரும்பினாள். திரையை வலது கையால் விலக்கிக்கொண்டு ஆரின் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. கணவன் படுத்திருந்த அந்தக் கட்டிலைப் பார்த்தாள். அப்போதுதான் சட்டத்திலிருந்த ஓர் ஓட்டை ஞாபகம் வந்தது. ஆபத்துக் காலத்தில் அறிவிப்பே இல்லாமல் அவசரக் கூட்டம் கூட்டலாம். வெள்ளத்துக்கும் தீக்கும் எழுதி வைத்தது, இருந்தாலும் என்ன.

“அவசரக் கூட்டம் இப்போ ஆரம்பிக்குது” என்றாள். “அவசரப் பிரிவுலதானே நிக்கிறோம்.”

“என்ன ஆபத்து?” என்று கேட்டார் பர்ல்.

“என்னைப் பார்த்தா தெரியலையா?” என்றார் க்ளெட்டஸ்.

முறைப்படி முதலில் பொதுமக்கள் கருத்து. மார்வா கண்ணை மூடிக்கொண்டாள். “பொதுமக்கள் யாராவது பேசணுமா?”

பொதுமக்கள் என்று அங்கே இருந்தது ஆரின் ஒருவர்தான். எந்தக் கூட்டத்திலும் அவர் பேசாமல் போனதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பைக்குள்ளிருந்து கையை மெல்ல எடுத்தார். கைக்குட்டை சுற்றிய கட்டைவிரல் பீட்ரூட் கிழங்காக வீங்கியிருந்தது. கருவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

“காலையிலேர்ந்து சொல்ல வர்றேன், கூட்டத்துல சொல்லுங்கன்னே துரத்தினே. சரி, கூட்டத்துலயே சொல்றேன்” என்றார். “எனக்கு ஒரு டாக்டர் வேணும்.”

மார்வா க்ளெட்டஸின் பாறை மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, வலியோடு ஒரு மனிதரை இப்படி அலைக்கழித்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“யோவ், என் கட்டில்ல போய்ப் படு” என்றாள் எர்லீன். “எனக்கு ஒரு மூட்டை ஐஸ் போதும்.”

“ஆமோதிக்கிறேன்” என்றார் பர்ல்.

ஆரின் மறுபேச்சில்லாமல் ஏறிப் படுத்தார். கிட்டி கைக்குட்டையை மெதுவாகப் பிரித்தாள்.

“அடேயப்பா, சுத்தியலா?”

“சுத்தியல்தான்.”

“கேட்டப்பவே சொல்றதுக்கு என்ன? எதை அடிக்கும்போது பட்டுச்சு?”

ஆரின் வாரியத்தின் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“‘ஆஸ்பத்திரி வரி வேண்டாம்’ பலகையை.”