கோயில் ஸ்பீக்கர்ல போன என் ஜப்பான் பாடம்

மொதல்லயே ஒத்துக்கறேன். எட்டு மாசமா நான் ஜப்பானீஸ் கத்துக்கல. ஜப்பானீஸ எப்டி கத்துக்கறதுன்னுதான் கத்துக்கினு இருந்தேன்.

டிப்ளமோ முடிச்சிட்டு பாகூர் பக்கம் எங்க வூட்ல சும்மா கெடந்தப்ப, பாண்டில ஒரு சென்டர்ல சொன்னாங்க, அடிப்படை பேச்சு வந்து இன்டர்வியூல பாஸ் பண்ணா ஜப்பான்ல வேலன்னு. ஒடனே ஆறு ஆப் எறக்கனேன். எல்லா ஆப்பும் மொத பாடத்துலேருந்துதான் ஆரம்பிக்கும். நாலாவது பாடம் கஷ்டமா இருந்தா ஆப் சரியில்லன்னு அடுத்த ஆப்புக்கு தாவிடுவேன். (ஆறு தடவ வணக்கம் கத்துக்கிட்டேன். வணக்கம் மட்டும் செமயா வரும்.) அப்புறம் ஒரு குரூப்ல சேந்து பிடிஎஃப்பா சேத்தேன். ஃபோன் ரொம்பிச்சு, மண்ட ரொம்பல. எழுத்தெல்லாம் அட்டைல எழுதி மாட்டுக் கொட்டாய் கம்பத்துல ஒட்டனேன். மாடு ஒரு வரிசைய அப்டியே தின்னுடுச்சு. எங்க வூட்ல மொதல்ல பாடத்த முடிச்சது அதுதான்.

கடைசியா ஒரு வீடியோ மாட்டிச்சு. அதுல ஒருத்தர் சொன்னாரு: "உங்கள சுத்தி இருக்கறத சின்ன வாக்கியமா தாய்மொழில சொல்லுங்க, அப்புறம் ஜப்பானீஸ்ல மூணு தடவ சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. உண்மைய சொன்னாதான் மனசுல நிக்கும்." உண்மைங்கறத நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஊரு மாதா கோயில்ல மைக் செட்டு என் பொறுப்பு. படிச்ச புள்ளன்னு குடுத்துட்டாங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு என் ஃபோன ஆம்ப்ளிஃபயர்ல சொருவி மூவேளை செபத்த போட்டுட்டு, ரூம பூட்டிட்டு வாலிபால் ஆட போயிடுவேன். ஆட்டம் முடிஞ்சி வந்து ஃபோன எடுத்துக்குவேன். கோபுரத்துல இருக்கற கொழா ஸ்பீக்கர் சத்தம் எங்கப்பா நெலம் வரைக்கும் போவும்.

இன்னொரு விஷயம். சென்டர் ஃபார்ம்ல அப்பா கையெழுத்து வேணும், திங்கக்கெழம கடைசி நாள். ஆனா அப்பா ஏற்கெனவே ஃபாதர் கிட்ட சொல்லி ஒரு பேக்டரில எனக்கு வேல பேசி வெச்சிருந்தாரு. ஜப்பான் பத்தி அவருக்கு ஒரு வார்த்த தெரியாது. ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு சாப்ட்டு அவர் நல்ல மூடுல இருக்கும்போது மெதுவா சொல்றதுன்னு பிளான்.

சனிக்கெழம செபத்த போட்டுட்டு ஆட போனேன். சட்டய கழட்டி கம்பத்துல மாட்டனேன். செபம் முடிஞ்சிச்சு. முடிஞ்சா நிக்கணும்ல? நிக்கல. ஃபோன் அதுவா அடுத்த ஃபைலுக்கு போயிடுச்சு.

"இது என் வீடு. வீடு சிறியது."

நான் சிரிச்சேன். "யார்ரா இவன், மூக்கால பேசறான்?"

ஃப்ரெண்டு அருள் பந்த கைல வெச்சிக்கினு அப்டியே நின்னான். "மச்சி, ஒன் வாய்ஸ்டா."

ஓடனேன். (ரெக்கார்ட் பண்ணும்போது எனக்கு ஏன் ரேடியோ நியூஸ் தமிழ் வருதுன்னு இன்னிக்கும் தெரியல.)

"பக்கத்து வீட்டு மேரி அக்கா நல்லவர். மேரி அக்கா தினமும் சண்டை போடுவார்."

மேரி அக்கா வாசல்லயே நின்னுது, கைல தொடப்பம். "டேய், நில்றா! நல்லவளா, சண்டக்காரியா? ஒண்ணு சொல்லிட்டு போடா!"

"ஃபாதர் நீளமாகப் பிரசங்கம் வைப்பார். நான் தூங்குவேன்."

கோயில் படில ஃபாதர் நின்னாரு. தலய ஆட்டி ஆட்டி கேட்டுக்கினு இருந்தாரு. நான் ரூம் கதவாண்ட போயி பாக்கெட்ட தொட்டேன். பாக்கெட்டே இல்ல. சாவி சட்டைல, சட்ட கம்பத்துல.

"இது அப்பாவின் பைக். பைக் பழையது. அப்பா ரிப்பேர் செய்ய மாட்டார். நான் ஜப்பான் போவேன். அப்பாவுக்குத் தெரியாது."

ஒவ்வொண்ணுக்கும் ஜப்பானீஸ் மூணு தடவ. அருள் சாவியோட ஓடியாந்தப்ப ரெக்கார்டிங்கே முடிஞ்சி போச்சு. அப்பத்தான் தூரத்துல அந்த பைக்கு சத்தம் கேட்டுச்சு. ஊர்ல எந்த பைக்கும் அப்டி இரும்பாது.

அப்பா வந்து ஸ்டாண்டு போட்டாரு. சேத்துக் காலு.

"இன்னாடா, பைக்கு பழசா?"

"ஆமாம்பா."

"போன மாசம் கார்புரேட்டர் மாத்தனது யாரு, ஒங்கொப்பன் இல்லயா?"

"அது... ரெக்கார்ட் பண்ணதுக்கு அப்புறம்பா."

"ஜப்பானுக்கு எதுனா ஃபார்மு கீர்மு இருக்குதா?"

"கையெழுத்து போடணும்பா. பைபிள்ள வெச்சிருக்கேன்."

"ஏன் அதுல வெச்ச?"

எனக்கு பதிலா ஃபாதர் சொன்னாரு: "நீங்க அத தொறக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சி வெச்சிருக்கான். நல்ல வேள, அத ரெக்கார்ட் பண்ணல."

வூட்டுக்கு போயி, அதே பைக்கு சீட்டு மேல வெச்சி கையெழுத்து போட்டாரு. "ஊருக்கே சொல்லிட்ட. இப்ப நான் போடலன்னா, புள்ள ஆசய கெடுத்தான்னு என்னத்தான் திட்டுவானுங்க. போய்த் தொல."

இன்டர்வியூக்கு ஒரு மாசம் இருந்துச்சு. அந்த ஒரு மாசமும் ஊர்ல யாரும் என்ன சும்மா வுடல. பால் ஊத்த போனா, "சண்ட போடுவார், அத ஜப்பானீஸ்ல சொல்லு." டீக்கடைல, "ஃபாதர் மேட்டர சொல்றா." மேரி அக்கா காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ கேக்கும். தப்பா சொன்னா அதுக்கே தெரிஞ்சிடும்: "நேத்து இப்டி சொல்லலியே?" இன்டர்வியூல குடும்பத்த பத்தி சொல்ல சொன்னாங்க. மூச்சு வுடாம சொன்னேன். பைக்கு வரைக்கும் சொன்னேன். ஆறு ஆப்பால முடியாதத ஒரு தொடப்பம் முடிச்சி வெச்சிது.

இப்ப ஜப்பான்லதான் இருக்கேன். நான் கெளம்பறதுக்கு முன்னாடியே அப்பா அந்த ரெக்கார்டிங்க என் ஃபோன்லேருந்து வாங்கி, அருள் கிட்ட சொல்லி ரிங்டோனா வெச்சிக்கிட்டாரு. நான் கூப்ட்டா ஒடனே எடுக்க மாட்டாரு. டீக்கடைல இருக்கறவங்க எல்லாம் பைக்கு வரைக்கும் கேட்டு முடிக்கணும், அப்புறம்தான் எடுப்பாரு. எடுத்தவொடனே ஹலோ கெடையாது.

"ரிப்பேர் பண்ணிட்டேன்டா. சொல்லு."