ஒத்திகையில் செத்தவள்

கோபக்காரர்களை அரசாங்கத்திடம் நிதி கேட்க அனுப்பக் கூடாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். அப்படிப் போய்த்தான் நான் செத்தேன். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. தெருமுனையில், பட்டப்பகலில், கழுத்தில் கறுப்பு அட்டையோடு, ஊரே பார்க்கச் செத்தேன்.

முதலில் கோபம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். (இல்லையென்றால் என்னைக் கிறுக்கச்சி என்று நினைப்பீர்கள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது வேறு விஷயம்.)

தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே உப்பளம் மட்டும்தான். ஒரு டிசம்பரில் விடாமல் மழை கொட்டி, மேற்கே குளங்கள் உடைந்து, அத்தனை தண்ணீரும் கடலைத் தேடி வந்தது. கடலுக்குப் போகிற ஓடையை யாரோ மண்ணடித்து மூடி பிளாட் போட்டுவிட்டார்கள். தண்ணீர் என்ன செய்யும்? எங்கள் வீடுகளுக்குள் தங்கிவிட்டது. இடுப்பளவு. அவசர உதவி எண்ணைப் பிடித்தால், பொறுமையாக இருக்கும்படி ஒரு குரல் அறிவுரை சொன்னது.

அன்றைக்குப் பார்த்து பால்பாண்டி அண்ணாச்சியின் மருமகளுக்கு இடுப்பு வலி கண்டது. அண்ணாச்சி எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான். காலையிலிருந்து மத்தியானம் வரை போன் போட்டும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் என் கணவர் சேவியர் எங்கள் வாசல் கதவைக் கழற்றினார். பக்கத்து வீட்டு மீன் வியாபாரியின் தெர்மாக்கோல் பெட்டிகளை அதன் அடியில் கட்டினார். அதன் மேல் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனார். சேவியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கன்டெய்னரையே பூ மாதிரி இறக்கி வைக்கிறவர். அன்றைக்கு அந்தக் கதவையும் அப்படித்தான் கொண்டுபோனார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு லாரியில் ஒரு படகு வந்தது. படம் எடுத்துக்கொண்டு போனது.

மறு வருஷம், பேரிடர் முன்னேற்பாட்டுக்கும் கடலோரப் பாதுகாப்புக்கும் அந்தந்தப் பகுதிச் சங்கங்களுக்கே அரசு நிதி கொடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ரப்பர் படகு, லைப் ஜாக்கெட், சைரன், தண்ணீர் இறைக்கிற மோட்டார் எல்லாம் வாங்கலாம். அண்ணாச்சி வாடிக்கையாளரைத் தராசு முன்னால் நிற்கவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“நீ ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான தட்டுத. நீயே எழுதிரு தாயி. அடுத்த மழைக்குள்ள நம்ம தெருவுக்கு ஒரு படகு வந்துரணும்.”

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் நான் அப்போது வேலை பார்த்தேன். தேங்கிக் கிடக்கும் சரக்கை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவதுதான் வேலை. அதனால் அரசாங்கத்தையும் என் இங்கிலீஷால் உருக்கிவிடலாம் என்று ஒரு திமிர் இருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் பகுதிக்கு உள்ள பாதுகாப்பு அச்சுறுத்தல்களை விவரிக்கவும்.’ சங்கக் கூட்டத்தில் எல்லோரையும் கேட்டேன். தெருநாய் என்றார் ஒருவர். நிலக்கரித் தூசி என்றார் இன்னொருவர். அண்ணாச்சி வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் கடையில் எலித்தொல்லை இருப்பதை எழுத முடியுமா என்று கேட்டார். எலிக்கு எவன் படகு கொடுப்பான்? எரிச்சலோடு வீட்டுக்கு வந்து நானே எழுதினேன். சர்வதேசக் கடல் எல்லைக்கு அருகில் எங்கள் தெரு அமைந்திருக்கிறது என்று தொடங்கினேன். எழுத எழுத எனக்கே வீரம் பொங்கியது. எதிரி நாட்டு நீர்மூழ்கிகள் உப்பளம் வழியாக ஊடுருவும் அபாயத்தைப் புறக்கணிக்க முடியாது என்று முடித்தேன். (உப்பளத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் நிற்கும். அது எனக்கும் தெரியும்.)

படகு வரவில்லை. மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நீர்மூழ்கி பற்றி எனக்கு யார் தகவல் கொடுத்தது என்று தெரிய வேண்டுமாம். நான் அலுவலகத்தில் இருந்தேன். வார விடுமுறையில் கைலியோடு உட்கார்ந்திருந்த சேவியர்தான் மாட்டிக்கொண்டார். பொறுமையாக அவர்களைத் தெரு முழுக்க நடத்திக் காட்டிவிட்டு, “சார், இந்தத் தெருவுல ஆட்டோவே திரும்பாது” என்றாராம். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நீர்மூழ்கியை எடுத்துவிட்டு, வெள்ளத்தை மட்டும் வைத்து மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நிதி கொடுக்கிற அரசு அலுவலகத்தில் ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டு, எங்கள் தெரு வெள்ளம் வரும் பகுதிப் பட்டியலில் இல்லை என்றார். அந்தப் பட்டியல் வெள்ளத்துக்கு முன்னால் தயாரித்ததாம்.

“அப்ப எங்க வீட்டுக்குள்ள வந்தது என்னது சார்?” என்றேன்.

“அது பதிவாகலை மேடம்.”

இடுப்பளவு வந்தது பதிவாகவில்லை! சுவரில் இன்னும் கறை இருக்கிறது, வந்து பாரும் என்று நான் தொடங்க, கூட வந்திருந்த அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். பிறகு அவரே தனியாக உள்ளே போய், குழைந்து, கும்பிட்டு, ஒரு வழியைக் கேட்டுக்கொண்டு வந்தார். பட்டியலில் இல்லாத தெருவுக்கும் விதிவிலக்கு உண்டாம். மேலதிகாரி முன்னிலையில் ஒரு பேரிடர் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். அவர் திருப்திப்பட்டால் படகு.

ஒத்திகைக்குக் காயம்பட்டவர்கள் தேவை. அதற்குப் போட்டியே நடந்தது. காயம்பட்டவர்கள் பந்தல் நிழலில் கட்டோடு உட்கார்ந்திருக்கலாம், ஜூஸ் உண்டு. ஆனால் விதிமுறைப்படி ஒரு இறந்தவரும் வேண்டும். அதற்கு ஆளில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தெருவில் பிணமாகப் படுக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வந்தது. இத்தனை அலைந்துவிட்டு ஒரு பிணம் குறைகிறதென்று படகு போய்விடக் கூடாதே என்ற வெறி.

காலையில் என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, நெற்றியில் தக்காளி சாஸ் தடவி, இறந்தவர் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் கறுப்பு அட்டையை மாட்டினார்கள். அதிகாரி இதோ வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். அவர் வந்துகொண்டே இருந்தார். வெயில் ஏறியது. தூத்துக்குடி வெயில், உப்பு விளைகிற வெயில். இறந்தவர் பந்தலுக்குள் வரக் கூடாதாம். சம்பவ இடத்திலேயே கிடக்க வேண்டுமாம். ஒரு நாய் வந்து என் நெற்றியை நக்கிப் பார்த்துவிட்டு, சாஸ் பிடித்துப்போய் மறுபடி வந்தது. (அச்சுறுத்தல் பட்டியலில் நாயைச் சேர்க்காமல் விட்டது என் தவறுதான்.) சேவியர் குடையோடு வந்து எனக்குப் பிடித்தார். ஒத்திகை நடத்த வந்த ஊழியர், இறந்தவருக்கு எதற்குக் குடை என்று கேட்டு அவரை ஓரமாகப் போகச் சொன்னார்.

கண்ணை மூடிக் கிடந்தேன். உள்ளே மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு வழியாக அதிகாரி வந்தார். கூடவே வந்த கார்கள் தெருவாயிலை அடைத்து நின்றன. ஒத்திகைக்கு வந்த ஆம்புலன்ஸ் அவற்றுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. கடைசிவரை அதனால் உள்ளே வர முடியவில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சால்வை போர்த்தினார்கள். அண்ணாச்சி வரவேற்றார். நிதி கிடைத்தால் எங்களுக்கு வரப்போகிற படகு இதுதான் என்று ஒரு ஆரஞ்சு நிற ரப்பர் படகைப் பந்தலில் காற்றடைத்து வைத்திருந்தார்கள். அதன் அருகில் நின்று அதிகாரி மைக்கைப் பிடித்தார். பேரிடர் என்றால் என்ன என்பதிலிருந்து விளக்கினார். அப்புறம் சொன்னார்: “போன வருட வெள்ளத்தில் இந்தப் பகுதியில் சிக்கிய கர்ப்பிணிப் பெண்ணைக்கூட நமது மீட்புக் குழுவினர் துரிதமாகச் செயல்பட்டுப் பாதுகாப்பாக மீட்டனர்.”

கூட்டம் கை தட்டியது. கர்ப்பிணியின் மாமனாரே, பழக்கதோஷத்தில், கை தட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. ஸ்ட்ரெச்சரிலிருந்து எப்போது இறங்கினேன் என்பது நினைவில்லை. சாஸ் வழிகிற முகத்தோடும் கழுத்து அட்டையோடும் மைக்குக்கு நேராகப் போய் நின்றேன்.

“யாரு மீட்டது? எந்தக் குழு? அன்னைக்கு இந்தத் தெருவுல நீங்க யாராவது கால் வச்சியளா? எங்க வீட்டுக் கதவு சார் அது. கதவுல படுக்கவச்சுத் தள்ளிட்டுப் போன பிள்ளைய நீங்க மீட்டதா சொல்லுதியளே, வாய் கூசல?”

மைக் அதைத் தெருவுக்கும், தெரு தாண்டி மெயின் ரோட்டுக்கும் தெளிவாகக் கொண்டுபோனது. ரத்தக் காயத்தோடு பிணம் ஒன்று நேருக்கு நேர் வந்து கேள்வி கேட்டால் எவரும் பின்வாங்கத்தான் செய்வார்கள். அதிகாரி பின்வாங்கினார். கால் தடுக்கி, அந்த ரப்பர் படகில் உட்கார்ந்தார். படகு புஸ்ஸென்று ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, அவரையும் சால்வையையும் மெதுவாகத் தரைக்கு இறக்கியது. ஒட்டுப்போட்ட படகு போலிருக்கிறது. காயம்பட்டவர்கள் அத்தனை பேரும் கட்டோடு ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டார்கள். அன்றைய ஒத்திகையில் நடந்த ஒரே மீட்புப் பணி அதுதான்.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பேசியதற்காக இல்லை. என் வாயால் தெருவுக்குப் படகு போயிற்றே என்று. பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அண்ணாச்சி கடை வாசலில் நின்று உரக்க வாசித்தார். ஒத்திகையின்போது இறந்தவர் உரிய ஒத்துழைப்பு நல்காததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. நான் தலை குனிந்து நின்றேன்.

“நீ பேசுனதுல ஒரு வார்த்த தப்பு இல்லளா” என்றார் அண்ணாச்சி. “கை தட்டுன எனக்குத்தான் புத்தி இல்ல.” பிறகு கடிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. எல்லோருக்கும் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வர இன்னும் சில மாதம் ஆனது.

படகு மேட்டுத்தெருச் சங்கத்துக்குப் போனது. அங்கே பெரிய மழைக்குக்கூடச் செருப்பு நனையாது. பட்டியலில் இருந்தார்கள், அவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது.

வீட்டில் இப்போதெல்லாம் நான் எதற்கு மறுத்தாலும் அந்த ஒரு வரிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்திருக்க மறுத்தால், “இறந்தவர் ஒத்துழைக்கல, டீய நாமளே போட்டுக்கிடுவோம்” என்று சேவியர் பிள்ளைகளிடம் அறிவிப்பார். என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் குடும்பப் படத்துக்கு நான் வர மறுத்தபோது, முன்பின் தெரியாத போட்டோகிராபரிடம்கூட யாரோ அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இந்த வருஷம் திட்டத்தை மறுபடி அறிவித்திருக்கிறார்கள். அண்ணாச்சி தயங்கித் தயங்கி வந்து, மறுபடி ஒத்திகை கேட்பார்கள் போலிருக்கிறது, பிணத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார். சம்மதித்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான். இந்த முறை பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டுத்தான் சாவேன்.