சிந்திக்கும் செருப்பின் பங்கு விலை

வேலூர் நாளிதழ் ஒன்றில் பங்குச் சந்தையைப் பற்றியும் தொழில்நுட்பத்தைப் பற்றியும் முப்பது வருஷமாக எழுதி வந்தவர் பாகாயம் பிரிசில்லா. எந்தக் கம்பெனி மூழ்கும், எது ஏமாற்றும் என்று கரடியாகக் கத்தி எழுதுவார். யாரும் அவரை நம்பாமல் இருந்ததில்லை, படிக்காமல்தான் இருந்தார்கள். வடையை வைத்து அமுக்கினால் எண்ணெயை நன்றாக உறிஞ்சும் என்ற நற்பெயர் மட்டும் அந்தப் பக்கத்துக்கு உண்டு.

எதற்கெடுத்தாலும் செயற்கை நுண்ணறிவு என்று ஊரே சாமியாடிக்கொண்டிருந்த சமயம். பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குக்கூட அறிவு வந்துவிட்டதாக விளம்பரம் வந்தது. பொறுக்க முடியாமல் பிரிசில்லா ஒருநாள் கிண்டலாக எழுதினார்: "ஆம்பூரில் சிந்திக்கும் செருப்பு தயாராகிறது. இடது கால் கடித்தால் சந்தை இறங்கும். வலது கால் கடித்தால் ஏறும். இரண்டும் கடித்தால் நிறுவனம் பொறுப்பல்ல."

மறுநாள் காலை வீட்டு வாசலில் கூட்டம். முன்னால் நின்றவர் ஆம்பூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் நயீம் அகமது.

"அக்கா, அந்தக் கம்பெனி பங்கு எங்க கிடைக்கும்? கடைய வித்துட்டு வர்றேன்."

"ஐயோ பாய், தமாஷுக்கு எழுதுனது. அப்படி ஒரு கம்பெனியே கிடையாது."

நயீம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? நல்ல பங்குன்னா இவங்களே வச்சிக்கிறாங்க!"

பிரிசில்லா பதறிப்போய் மறுப்புச் செய்தி வெளியிட்டார். கூட்டம் இரட்டிப்பானது. கடையை விற்க நயீம் அட்வான்ஸே வாங்கிவிட்டார் என்று அவர் காதுக்கு வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த மனுஷன் நடுத்தெருவில் நிற்பானே! மின்னணுத் தொழில் ஊக்குவிப்பு அலுவலகத்துக்கு ஓடினார்.

அதிகாரி கோதண்டராமன் எழுந்து நின்று வரவேற்றார். பத்திரிகைச் செய்தியின் பேரில், அணைக்கட்டுப் பக்கம் அந்தக் கம்பெனிக்கு அவர் ஏற்கெனவே நிலம் ஒதுக்கியிருந்தார்.

"சார், அப்படி ஒரு கம்பெனி இல்லைன்னு நீங்க அறிவிச்சிடுங்க."

"தாராளமா. இல்லைன்னு அந்தக் கம்பெனியோட லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுங்க."

"கம்பெனியே இல்லையே சார்!"

"அப்போ இல்லைன்னு சொல்ல யாருக்கு மேடம் அதிகாரம்?" கோதண்டராமன் கனிவோடு கேட்டார். "ஒரு வழி இருக்கு. கம்பெனிய முதல்ல பதிவு பண்ணுங்க. பண்ணிட்டு மூடிடுங்க. மூடின கம்பெனிய இல்லைன்னு சொல்ல எனக்கு முழு அதிகாரம் உண்டு."

வேறு வழி? நயீமின் கடையைக் காப்பாற்றும் பொருட்டு, பிரிசில்லா தாமே நிறுவனராகக் கையெழுத்திட்டார். மூன்று வருஷமாக ஒரு பட்டாவுக்கு அவரை அலைய விட்ட அரசாங்கம், டீ ஆறுவதற்குள் கம்பெனியைப் பதிவு செய்து கொடுத்தது. அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பங்குகள் விற்றுத் தீர்ந்திருந்தன.

விடிந்ததும், மூடும் மனுவோடு டவுன் பஸ் ஏறினார். கைப்பேசியைப் பார்த்தார். விலை ஏறியிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் பார்த்தார். இன்னும் ஏறியிருந்தது. அதன் பிறகு அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

அலுவலகத்தில் நயீம் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூடவா வந்தீங்க மேடம்?" கோதண்டராமன் முத்திரையை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். அவரும் பங்கு வாங்கியிருந்தார்.

"சேச்சே!" என்றார் பிரிசில்லா. "அந்த அணைக்கட்டு நிலம் பத்தாது போலிருக்கே சார். பக்கத்து நிலம் யாரோடது?"